அளற்றில் இருந்தவன்

அந்தக் காலத்தில் மாடும் நண்டும் கொக்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். மனிதரும் நின்று கேட்டுப் பதில் சொல்லுவார்கள். ஆனால் ஊரில் புழங்கிய சொற்கள் இன்று இருப்பதைவிடக் குறைவு. ஒருவர் இறந்துபோனால் துறக்கம் போனார் என்பார்கள். துறக்கம் என்றால் மேலுலகம். பொல்லாங்கு செய்தவர் எங்கே போவார் என்பதற்கு ஒரு சொல்லும் கிடையாது. அப்படி ஓர் இடம் வேண்டியிருக்கும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

அளறு என்ற சொல் அப்போதே இருந்தது. சேறு என்றுதான் அதற்குப் பொருள். நல்ல சொல்லாகவே இருந்தது. அளறு நன்றாக இருந்தால் நாற்று நன்றாகப் பிடிக்கும். வீட்டுச் சுவருக்கு அளற்றைக் குழைத்துப் பூசுவார்கள். மணப்பெண்ணின் தோளில் அப்பும் சந்தனக் குழம்பைக்கூடச் சந்தன அளறு என்றுதான் சொன்னார்கள்.

ஆற்றின் கடைமடையில் ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே வயல்கள். வயல்கள் முடிகிற இடத்தில் ஆற்றுத் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் தேங்கிப் பெரிய சதுப்பாகக் கிடந்தது. அதைத்தான் அந்த ஊரார் அளறு என்பார்கள். அதில் கோரை வளர்ந்தது. எருமைகள் பகலெல்லாம் அதில் கிடந்தன.

அந்த ஊரில் சேந்தன் என்று ஒரு குடியானவன் இருந்தான். பொய் சொல்லாதவன். தனக்கு ஒருவன் கெடுதல் செய்தால் கையை ஓங்க மாட்டான், ஊரைக் கூட்ட மாட்டான். செய்தவன் தன் வாயால் செய்தேன் என்று சொல்லிவிட்டால் அவனுக்குப் போதும். ஒரு முறை பக்கத்துத் தெருக்காரனின் ஆடு அவனுடைய பயற்றங்கொல்லையை மேய்ந்துவிட்டது. சேந்தன் அந்த ஆள் வீட்டு வாசலில் போய் நின்றான். காலையில் நின்றவன் வெயில் ஏறியும் நகரவில்லை. கடைசியில் அந்த ஆள் வெளியே வந்து, "என் ஆடுதான் மேய்ஞ்சுது" என்றான். சேந்தன் சரி என்று தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மிஞ்சிய பயற்றில் ஒரு படி அளந்து அவனுக்கே கொண்டுவந்து கொடுத்தான். ஊரில் அவனுக்கு நல்ல மதிப்பு இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது.

அவனுடைய தங்கை எயினி. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் அவன்தான். அவளை உள்ளூரிலேயே கோவன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தான். கோவன் சிரித்த முகக்காரன். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது, ஒரு வேடிக்கைப் பேச்சுத்தான் வரும். வேலையில் குறை சொல்ல முடியாது. எயினியையும் நன்றாக வைத்திருந்தான். சேந்தனின் வயலுக்குக் கீழண்டை வயல் அவனுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு.

அந்த வருடம் மழை பிந்திவிட்டது. வாய்க்காலில் கொஞ்சமாக வந்த தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சினார்கள். சேந்தனின் வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒரு நாள் காலையில் அவன் போய்ப் பார்த்தபோது வயல் காய்ந்து கிடந்தது. வரப்பு ஓரிடத்தில் உடைந்து, தண்ணீரெல்லாம் கோவனின் வயலில் நின்றது.

கோவன் அப்போதுதான் வந்துகொண்டிருந்தான். சேந்தன் உடைப்பைக் காட்டினான்.

"வரப்பை வெட்டினாயா, மாப்பிள்ளை?"

"நான் ஏன் வெட்டறேன்? தண்ணிக்கும் கால் இருக்கில்லையா மச்சான். நடந்து வந்திருக்கும்" என்று சொல்லிக் கோவன் சிரித்தான்.

வரப்பு உடைந்ததைவிட அந்தச் சிரிப்புத்தான் சேந்தனை உறுத்தியது. கோவனே இறங்கி உடைப்பை அடைத்தான். அறுப்புச் சமயத்தில் சேந்தனின் வயலில் முக்கால்வாசி பதராகிப் போயிருந்தது. கோவன் அவன் வீடு தேடி வந்து, "என் வயலில் பாதியை நீங்க அறுத்துக்கங்க மச்சான்" என்றான்.

"எனக்கு நெல் வேண்டாம். வெட்டினேன்னு ஒரு சொல் சொல்லு. அது போதும்."

"வெட்டலையே."

"வெட்டாமல் தண்ணீர் எப்படி வந்தது?"

கோவன் வழக்கம்போலச் சிரித்துவைத்தான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

எயினி அண்ணன் வீட்டுக்கு வந்து கேட்டாள். "அவர் வெட்டலைன்னு சொல்றாரே அண்ணே. பிறகு ஏன் இப்படி இருக்கே?"

"உனக்காக நான் எதை வேண்டுமானாலும் விட்டுக் கொடுப்பேன். இதை மட்டும் கேட்காதே" என்றான் சேந்தன். "அவன் செய்ததுகூடப் பெரிதில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அறுப்பு முடிந்த பிறகு, வராத மழை வந்து கொட்டியது. சதுப்பு நிரம்பியது. கோரை வெட்டப் போகிறவர்களுக்கு அதற்குள் கால் வைக்கத்தக்க தடங்கள் உண்டு. எது கெட்டியான இடம், எது இளகிய இடம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த மழையில் தடங்கள் இடம் மாறிவிட்டதை யாரும் அறியவில்லை.

பாய் முடையக் கோரை வேண்டும் என்று எயினி கேட்டிருந்தாள். கோவன் அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். பழைய தடத்தில் சில எட்டு வைத்ததும் முழங்கால் வரை இறங்கினான். காலை இழுக்கப் பார்த்தான், தொடை வரை போயிற்று. அதற்குமேல் அசையாமல் நின்று குரல் கொடுத்தான். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

சேந்தன் தன் எருமையைக் குளிப்பாட்ட ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். கையில் நீண்ட மூங்கில் கழி. கோவனைப் பார்த்தான். அத்தனை நாளுக்குப் பிறகு கோவன்தான் முதலில் பேசினான்.

"கோரை வெட்ட வந்தேன் மச்சான். அளறு என்னையும் கோரைன்னு நினைச்சு நட்டுவச்சிட்டுது. கழியைக் கொஞ்சம் நீட்டுங்க."

சேந்தன் கரையோரம் வந்து கழியை நீட்டினான். பாதி நீட்டியவன் நிறுத்திக்கொண்டான்.

"வரப்பை வெட்டினது நீதானே?"

கோவன் அவனை நிமிர்ந்து பார்த்தான். "இப்பவா கேட்கறீங்க?"

"இப்போதான் நீ சிரிக்காமல் பதில் சொல்லுவாய்."

எருமை கரையில் நின்றிருந்தது. அதற்கு அந்தச் சதுப்பில் எல்லா இடமும் பழக்கம். "நான் இறங்கட்டுமா?" என்று சேந்தனைக் கேட்டது. "கொம்பைப் பிடிச்சுக்கிட்டா இழுத்துட்டு வந்திடுவேன்."

"பொறு" என்றான் சேந்தன்.

அது அவனுடைய எருமை. அவன் சொன்னபடி நின்றது.

சேந்தன் கழியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். அவனுக்குக் கோபம் இல்லை. உள்ளுக்குள் ஒரு வகையான நிம்மதியே இருந்தது. இதோ சொல்லிவிடுவான், சொன்னதும் இழுத்துவிடலாம், இருவருமாகச் சேறும் சகதியுமாக வீட்டுக்குப் போவோம், எயினி திட்டிக்கொண்டே கால் கழுவத் தண்ணீர் கொடுப்பாள் என்று நினைத்தான். அந்த இடத்தில் அளறு இடுப்புக்குமேல் இழுக்காது என்றும் நினைத்தான். பழைய நாளில் அது உண்மைதான்.

"செய்யாததைச் செய்தேன்னு எப்படி மச்சான் சொல்றது?" என்றான் கோவன். இப்போது அவன் குரலில் வேடிக்கை இல்லை.

"நான் காத்திருக்கிறேன்."

"தூக்கிவிடுங்க. கரையில் உட்கார்ந்து பேசிக்கலாம்."

"கரைக்கு வந்தால் சிரிப்பாய்."

கோவனும் வீம்புக்காரன்தான். இதுவரை சிரித்துச் சிரித்து அதை மறைத்து வைத்திருந்தான். அவன் வாயை மூடிக்கொண்டான். கோரைக்குள் நின்ற கொக்கு ஒன்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று. வெயில் சாய்ந்தது. கோவனின் இடுப்பு மறைந்தது.

"இப்பவாவது இறங்கட்டுமா?" என்று எருமை கேட்டது.

"பொறு. சொல்லப் போகிறான்."

மார்பு வரை வந்ததும் கோவன் பயந்தான். அவனுக்கு மூச்சு முட்டியது. "நான்தான் மச்சான்" என்றான். "நான்தான் வெட்டினேன். மண்வெட்டியால் வெட்டினேன். தண்ணிக்கு ஆசைப்பட்டுச் செய்திட்டேன். போதுமா? கழியை நீட்டுங்க."

சேந்தனின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. துள்ளி எழுந்து கழியை நீட்டினான். கோவன் இரண்டு கையாலும் பற்றினான். சேந்தன் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். இழுத்த இழுப்பில் கோவனின் உடம்பு மேலே வரவில்லை, அடியில் இருந்த சேறுதான் இளகியது. சேறு பட்ட மூங்கில் வழுக்கியது. கை நழுவியது. மறுபடியும் பற்றினான், மறுபடியும் நழுவியது. எருமை யாரையும் கேட்காமல் பாய்ந்து இறங்கியது. அது அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலே கழி மட்டும் கிடந்தது.

சேந்தன் ஊருக்குள் நடந்து வந்தான். எயினி வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரைப் பார்த்தியா அண்ணே? கோரைக்குப் போனவர் இன்னும் வரலை."

சேந்தன் வாயைத் திறந்தான். ஒரு சொல்தான் வந்தது. "அளற்றில்."

"இன்னும் வெட்டி முடிக்கலையா?" என்று கேட்டபடி அவள் அரிசியை ஒரு முறை புடைத்தாள். பிறகுதான் அண்ணன் இத்தனை நாள் கழித்துத் தன் வாசலுக்கு வந்திருக்கிறான் என்பது உறைத்தது. அவன் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். முறத்தைப் போட்டுவிட்டுக் கிழக்கே ஓடினாள்.

ஊரார் கயிறும் பலகையுமாக ஓடினார்கள். எருமை காலால் துழாவிக் கோவனைக் கண்டுபிடித்தது. வெளியே கொண்டுவந்து, ஆற்றில் கழுவி, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். துறக்கம் போனான் என்று சொன்னார்கள்.

பிறகு சேந்தனைக் கேட்டார்கள். பொய் சொல்லாதவன் ஆயிற்றே, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். எருமை இரண்டு தரம் கேட்டதையும், தான் இரண்டு தரமும் பொறு என்று சொன்னதையும் சொன்னான். முடிவில், "அவன் ஒப்புக்கொண்டான். வரப்பை வெட்டியது அவன்தான்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. அந்த ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது வயல் பக்கமிருந்து ஒரு நண்டு நகர்ந்து வந்தது.

"வரப்பை ஒருத்தரும் வெட்டலை" என்றது. "என் குஞ்சுகளுக்காக நான் வளை தோண்டினேன். வளை அந்தப் பக்கம் வரை போயிடுச்சு. தண்ணி அதில் வழி கண்டு வரப்பை உடைச்சிட்டுது."

"இத்தனை நாளாய் ஏன் சொல்லலை?" என்று ஒருவர் கேட்டார்.

"என்னை யாரும் கேட்கலையே" என்றது நண்டு. அதற்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்கு நண்டைக் கேட்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றியிருக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எல்லாரும் சேந்தனைப் பார்த்தார்கள். அவன் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோவனின் வாயிலிருந்து தான் காத்திருந்து வாங்கிய சொல் பொய் என்பது அவனுக்கு விளங்கியது. வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவன், ஒரு மனிதனைப் பொய் சொல்லவைத்து அனுப்பியிருக்கிறான். அந்த மனிதன் கடைசியாகச் சொன்னதே அந்தப் பொய்தான்.

இப்படிப்பட்டவனை என்ன செய்வது என்று ஊராருக்குத் தெரியவில்லை. அடுத்தவன் வாழையை வெட்டினால் கன்று நட்டுத் தர வேண்டும். ஒருவனை அடித்தால் அவன் காயம் ஆறும்வரை அவனுக்காக உழ வேண்டும். இதற்கு எதைச் சொல்வது? அவன் வெட்டவில்லை, குத்தவில்லை, பிடித்துத் தள்ளவும் இல்லை. உட்கார்ந்திருந்தான். ஊரார் கலைந்து போனார்கள்.

சேந்தன் வீட்டுக்குப் போய்க் கால் கழுவினான். கழுவிவிட்டு நடந்தால் தரை மெத்தென்று இறங்குவதுபோல இருந்தது. திரும்பவும் கழுவினான். வாசலில் கல் பரப்பிப் பார்த்தான், கல்லும் இறங்கியது. வயலுக்குப் போக முடியவில்லை. கட்டாந்தரையில் நடக்கும்போதுகூட ஒவ்வோர் அடியையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்கள் அவர்களை அடக்கினார்கள். எருமையும் அவனை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு அது அவனிடம் மட்டுமல்ல, யாரிடமும் பேசவில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை உண்டு. புல் முளைக்காத பாறை. மழை பெய்தாலும் தண்ணீர் தங்காது. சேந்தன் அதன்மேல் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கேயாவது கால் நிற்கும் என்று நினைத்தான். இரக்கப்பட்டவர்கள் சோறு கொண்டுபோய் வைத்தார்கள். "இறங்கி வாப்பா" என்று கூப்பிட்டால், "காலை எடுக்க முடியலையே" என்பான். அவர்கள் பார்ப்பார்கள். காய்ந்த பாறையில் காய்ந்த கால் இருக்கும்.

எயினி வெகுநாள் போகவில்லை. அவளுக்கு அண்ணனை நினைத்தாலும் அழுகை வந்தது, புருஷனை நினைத்தாலும் அழுகை வந்தது. எது யாருக்கான அழுகை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மறு வருட நடவு முடிந்த பிறகு ஒரு நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறினாள். சேந்தன் அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் கடைசியா என்ன சொன்னார்னு உன் வாயால் கேட்கணும்" என்றாள்.

"வரப்பை வெட்டினேன் என்றான்."

"வெட்டலையே."

"வெட்டலை."

"பிறகு ஏன் சொன்னார்?"

"நான் கேட்டேன் எயினி. அதைச் சொல்லாமல் தூக்கமாட்டேன்னு உட்கார்ந்திருந்தேன்."

"என் பேரை ஏதும் சொன்னாரா?"

"இல்லை. அதற்கு நான் நேரம் கொடுக்கலை."

அவள் கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்தான். அவள் குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். மெலிந்து, வெடித்து, கெட்டிப் பாறைமேல் பதிந்திருந்தன.

"வீட்டுக்கு வா" என்றாள்.

"முடியாது."

எயினி எழுந்து நின்று கையை நீட்டினாள். சேந்தன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். அவள் இழுத்தாள். அவள் உழைத்துப் பழகிய பெண், கையில் வலு இருந்தது. அவனும் எழுந்திருக்கப் பார்த்தான், நெற்றி நரம்பு புடைத்தது. ஆனால் கால் பாறையை விட்டு விரலளவும் கிளம்பவில்லை. "இன்னும் கொஞ்சம் இழு" என்றான். இழுத்தாள். பிறகு அவனே, "விட்டுடு, நீ விழுந்திடுவே" என்று கையை விட்டான்.

எயினி காலிக் கலயத்தோடு கீழே இறங்கி வந்தாள். ஊர் எல்லையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அசலூரிலிருந்து வந்த ஒருவரும் அவர்களோடு இருந்தார். அவருக்குச் சங்கதி முழுதும் தெரியாது.

"உன் அண்ணன் எங்கே இருக்கான் தாயி?" என்று அவர் கேட்டார்.

"அளற்றில் இருக்கார்" என்றாள் எயினி.

"மேலே பாறையில் இருக்கிறதாச் சொன்னாங்களே. அங்கே ஏது அளறு?"

"பாறைமேல்தான் இருக்கார்" என்றாள். "ஆனால் அவர் இருக்கிற இடம் அளறு."

ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் இத்தனை நாள் தேடிக் கிடைக்காமல் இருந்த சொல் அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்தது. எயினி வீட்டுக்குப் போய்க் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாளும் கஞ்சி கொண்டுபோனாள். அவன் இருந்தவரை கொண்டுபோனாள்.

சேந்தன் அந்தப் பாறைமேலேயே செத்துப்போனான். கீழே கொண்டுவந்தபோது துறக்கம் போனான் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. போகவில்லை என்று சொல்லவும் மனம் இல்லை. அளற்றிலிருந்து அவன் எழுந்திருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

நெருப்பும் எண்ணெய்க் கொப்பரையும் உள்ள நரகத்தைப் பற்றி ஊரார் கேள்விப்பட்டது எவ்வளவோ காலத்துக்குப் பின்னால். அதற்கு முன்பே சேந்தனை அடக்கம் செய்த அன்றைக்குத்தான், சேற்றுக்குப் பெயராக இருந்த அளறு என்ற சொல், தீவினை செய்தவர் கிடக்கும் இடத்துக்கும் தமிழில் பெயராயிற்று.